கறுப்பு ராட்விலா: ஒரு முத்திரை, ஓர் அச்சகம், ஒரு வேதாகமம்

லிதுவேனியாவின் 16ஆம் நூற்றாண்டைப் படிக்க உட்காருகிற எவரும் முதலில் தடுக்கி விழுவது ஒரு பெயரில்தான். மிகலோயுஸ் ராட்விலா என்ற பெயரோடு ஒரே காலத்தில் இரண்டு பிரபுக்கள் இருந்தார்கள். பெரியப்பா, சித்தப்பா பிள்ளைகள். 1512-ல் பிறந்தவர் சிவப்பு ராட்விலா. 1515-ல், இன்றைய பெலாரஸில் உள்ள நெஸ்விஷில் பிறந்தவர் கறுப்பு ராட்விலா. தாடியின் நிறத்தால் வந்த அடைமொழிகள் அவை. போலந்து நூல்களில் இந்தக் குடும்பத்தின் பெயர் ராஜிவிவ் என்று வரும். பெலாரஸ் நூல்களில் ராட்சிவில். மூன்றும் ஒரே வீடுதான்.

பழைய ஆவணத்தில் பேசுவது யார் என்று கண்டுபிடிக்கப் பட்டத்தைப் பாருங்கள். 'ஒலிகா, நெஸ்விஷ் இளவரசர்' என்றிருந்தால் கறுப்பு. 'பிர்ஜை, துபிங்கியாய் இளவரசர்' என்றிருந்தால் சிவப்பு. பதவியை வைத்துப் பிரிக்கப் போனால் ஏமாந்துபோவீர்கள். கறுப்பு ராட்விலா 1550 முதல் லிதுவேனியாவின் சான்சலர், 1551 முதல் வில்னியஸ் மாகாண ஆளுநர். 1565-ல் சாகும்வரை இரண்டும் அவரிடமே இருந்தன. 1566-ல் அதே இரண்டு பதவிகளும் சிவப்பு ராட்விலாவுக்குப் போயின. தேதி கிழிந்துபோன ஒரு கடிதத்தில் 'சான்சலர் ராட்விலா' என்று மட்டும் இருந்தால், அதில் மறைந்த அரசி பார்பராவைப் பற்றி வருகிறதா, லிதுவேனியா போலந்தோடு இணைந்த 1569 ஒப்பந்தத்தைப் பற்றி வருகிறதா என்று உள்ளடக்கத்தைத் தோண்டித்தான் ஆளைப் பிடிக்க வேண்டும். போதாக்குறைக்குக் கறுப்பு ராட்விலாவின் மூத்த மகன் பெயரும் மிகலோயுஸ் கிறிஸ்துபஸ். இணையத்தில் பரவிக் கிடக்கும் பிழைகளில் பாதி இந்த இடத்தில் பிறந்தவை.

இந்தப் பதிவு கறுப்பு ராட்விலாவைப் பற்றியது. அவரை 'லிதுவேனியாவின் முடிசூடா மன்னர்' என்று புகழ்வதும், 'கால்வினின் நண்பர்' என்று ஒரு வரியில் முடிப்பதும் வழக்கம். இரண்டுமே அவர் எப்படி வேலை செய்தார் என்பதைக் காட்டுவதில்லை. அவர் கையில் அரசு முத்திரை இருந்தது, சொந்த ஊர்கள் இருந்தன, அச்சகம் இருந்தது. லிதுவேனியாவின் சபைச் சீர்திருத்தத்தை, அதாவது போப்பின் கத்தோலிக்கச் சபையிலிருந்து பிரிந்த புராட்டஸ்டண்ட் இயக்கத்தை, அவர் இந்த மூன்றின் மேல் கட்டினார். அது அவ்வளவு வேகமாக எழுந்ததற்கும், அவர் பகுதியில் அவ்வளவு வேகமாகச் சரிந்ததற்கும் காரணம் ஒன்றே என்பது என் கருத்து.

முதலில் அதிகாரம் வந்த வழி. அப்போது லிதுவேனியா தனி நாடு. பெருங்கோமகன் என்ற பட்டத்தோடு ஆள்பவரே போலந்துக்கும் அரசர். அரசர் ஒருவர் என்றாலும் கஜானா, படை, பதவிகள், சட்டம் எல்லாம் வேறுவேறு. இளவரசர் சிகிஸ்மண்ட் அகஸ்டஸ் 1544 முதல் வில்னியஸில் இருந்து லிதுவேனியாவை ஆண்டார். அதே ஆண்டில் கறுப்பு ராட்விலா அரசவை மார்ஷல் ஆனார். இளவரசர் காதலித்தது பார்பராவை. சிவப்பு ராட்விலாவின் தங்கை, கறுப்பு ராட்விலாவுக்குச் சித்தப்பா மகள், 1542-ல் கணவரை இழந்தவர். 1547-ல் ரகசியமாகத் திருமணம் நடந்தது. 1548 ஏப்ரலில் பழைய அரசர் இறந்த பிறகே அதை வெளியே சொன்னார்கள். தாய் அரசி போனா ஸ்போர்ட்சா கொதித்தார். அந்த ஆண்டு பியோட்ர்குவ் நகரில் கூடிய போலந்து நாடாளுமன்றத்தில் திருமணத்தை ரத்துசெய்யச் சொல்லி மன்றாடினார்கள். அரசர் அசையவில்லை. 1550 டிசம்பர் 7 அன்று கிராக்கோவில் பார்பராவுக்கு முடிசூட்டினார். ஐந்தே மாதம். 1551 மே 8 அன்று பார்பரா நோயில் இறந்துபோனார்.

இந்தக் கதையைக் காதல் காவியமாகச் சொல்லி அங்கேயே நிறுத்திவிடுகிறார்கள். அரசியல் கணக்கில் பார்த்தால் அந்த ஆண்டுகளிலும் அதையடுத்தும் ராட்விலா வீட்டுக்கு வந்து சேர்ந்தவை பெரியவை. 1547-ல் பேரரசர் ஐந்தாம் சார்லஸிடமிருந்து இளவரசர் பட்டம், 1550-ல் சான்சலர் பதவி, 1551-ல் வில்னியஸ் ஆளுநர் பதவி. அண்ணன் சிவப்புக்கு 1550-ல் டிராகாய் ஆளுநர் பதவி, 1553-ல் படைத் தளபதிப் பொறுப்பு. பார்பரா இறந்தும் இவை எதுவும் கைவிட்டுப் போகவில்லை. அரசரின் அடுத்த திருமணத்துக்காக 1553-ல் ஹாப்ஸ்பர்க் அரண்மனைக்குத் தூது போனவரும் கறுப்பு ராட்விலாதான். போட்டிக் குடும்பமான கோஷ்டவுதாஸ் வம்சம் பார்பராவின் முதல் கணவரோடு வாரிசின்றி முடிந்துபோயிருந்ததும் வழியைத் திறந்துவிட்டது.

சான்சலர் என்றால் இங்கே என்ன அர்த்தம் என்று பார்த்துவிடுவோம். பெரிய முத்திரை அவரிடம் இருக்கும். நில மானியம், பதவி நியமனம், வெளிநாட்டு ஒப்பந்தம், நகரங்களுக்கான சலுகை என எதுவாக இருந்தாலும் அவரது அலுவலகத்தில் எழுதி, பதிவேட்டில் நகலெடுத்து, முத்திரை விழுந்து வெளியே போக வேண்டும். லிதுவேனிய மெட்ரிகா என்று இன்று ஆய்வாளர்கள் அழைக்கும் பதிவேட்டுத் தொகுதி இந்த அலுவலகத்தின் வேலை. அதில் பெரும்பகுதி ருத்தீனிய மொழியில் (இன்றைய பெலாரஸ், உக்ரைன் மொழிகளின் முன்னோடி), சிரிலிக் எழுத்தில் இருக்கிறது. வில்னியஸ் ஆளுநரோ அரசவையில் ஆயருக்கு அடுத்து உட்காரும் முதல் பிரபு. சட்டப்படியான காகிதமும், அவையில் முதல் குரலும் ஒரே ஆளிடம் சேர்ந்தன. அரசர் போலந்தில் இருக்கும் மாதங்களில் வில்னியஸில் இவரைத் தாண்டி எதுவும் நகராது.

இந்த ஆள் 1553 வாக்கில் வெளிப்படையாகப் புராட்டஸ்டண்ட் ஆனார். முதலில் லூத்தர் வழி, சில ஆண்டுகளில் கால்வின் வழி. அதற்கு முன் லிதுவேனியாவில் இது எவ்வளவு ஆபத்தான வேலை என்பதற்கு ஆப்ரகாமாஸ் குல்வியெதிஸ் சாட்சி. 1539-ல் வில்னியஸில் பள்ளி தொடங்கியவர். 1542-ல் ஆயரின் புகாரால் நாட்டைவிட்டு ஓட வேண்டியதாயிற்று. அடைக்கலம் கிடைத்தது பக்கத்து நாடான பிரஷ்யாவில், புராட்டஸ்டண்டான கோமகன் ஆல்பிரெக்ட்டிடம். முதல் லிதுவேனிய மொழி அச்சுப் புத்தகமான மாஜ்வீதாஸின் ஞானோபதேச நூல் (மத வினாவிடை) 1547-ல் பிரஷ்யாவின் கோனிக்ஸ்பெர்க்கில் அச்சானதும் இதனால்தான். அறிஞரைத் துரத்தலாம், முத்திரை வைத்திருக்கும் சான்சலரைத் துரத்த முடியாது. பத்து ஆண்டுகளில் நிலைமை தலைகீழானதற்கு இதைத் தவிர வேறு விளக்கம் தேவையில்லை.

போப்பின் தூதர் லிப்பொமானோ 1556-ல் அவருக்குக் கடிதம் எழுதி, தாய்ச் சபைக்குத் திரும்பச் சொன்னார். ராட்விலாவின் பதில் நீண்டது, சூடானது. தூதரின் கடிதத்தையும் தன் பதிலையும் சேர்த்து, அதே ஆண்டில் கோனிக்ஸ்பெர்க்கில் லத்தீனில் அச்சிடவைத்தார். இரண்டு பேருக்குள் முடிந்திருக்க வேண்டிய கடிதம் ஐரோப்பா படிக்கும் புத்தகமாயிற்று. பதிலை எழுதியதில் வெர்ஜேரியோவின் கை உண்டு என்பது ஆய்வாளர்கள் பலரின் எண்ணம். முன்பு தானே போப்பின் தூதராக இருந்து, பிறகு சீர்திருத்தத்துக்கு வந்த இத்தாலியர் அவர். அந்த ஆண்டு வில்னியஸுக்கும் வந்துபோனார். யார் எழுதியிருந்தாலும் பொறுப்பேற்றுக் கையெழுத்துப் போட்டவர் ராட்விலா. சபை அரசியலில் அச்சு என்ன செய்யும் என்பது அவருக்கு அப்போதே தெரிந்திருந்தது.

ஓர் ஊரின் ஆலயம் எப்படி மதம் மாறியது? வரலாற்று நூல்கள் தாவிப்போகும் இடம் இது. எனக்கோ எல்லாவற்றையும் விட முக்கியமாகப் படுவது இதுதான். ஆலயத்தைக் கட்டி மானியம் எழுதிவைத்த குடும்பத்துக்குப் புரவலர் உரிமை உண்டு. பங்குத்தந்தை இறந்தாலோ விலகினாலோ, அடுத்தவர் யார் என்று பெயர் சொல்வது அந்தப் பிரபு; ஆயர் சோதித்து அமர்த்துவார். சீர்திருத்தப் பிரபு செய்தது, இந்தச் சங்கிலியில் ஆயர் என்ற கண்ணியைக் கழற்றியதுதான். இடம் காலியாகும்போது பூசாரித்துவம் பெற்ற குருவுக்குப் பதில் ஒரு போதகரை அமர்த்துவார். உள்ளே பலிபீடங்களும் சொரூபங்களும் அகற்றப்படும். நடுவில் பிரசங்க மேடையும் திருவிருந்து மேசையும் வரும். அப்பமும் திராட்சரசமும் சபையார் எல்லோருக்கும். ஆலயத்தின் வயல், ஆலை வருமானம், தசமபாகம் எல்லாம் போதகரின் சம்பளத்துக்கும் பள்ளிக்கும் திரும்பும். ஊர் மக்களிடம் யாரும் கேட்கவில்லை. நெஸ்விஷ், கிளெட்ஸ்க் போன்ற அவரது ஊர்களில் நடந்தது இதுவே.

இதில் கோளாறு எங்கே என்றால், மானியப் பத்திரத்தில். பாட்டன் காலத்தில் எழுதிய பத்திரம் கத்தோலிக்கச் சபையின் பெயரில் இருக்கும். புதிய பத்திரம் எழுதி, சொத்தைச் சீர்திருத்தச் சபையின் பெயருக்குத் தனியாக மாற்றிக்கொடுத்தால்தான் போதகருக்குக் காலூன்ற இடம் கிடைக்கும். அப்படிச் செய்யாத இடங்களில் அவர் இருப்பது பிரபுவின் தயவில். பிரபு மாறினால் பழைய பத்திரம் அலமாரியிலிருந்து வெளியே வரும். இன்றைய பெலாரஸில் உள்ள பிரெஸ்ட் நகரம் இன்னும் பலவீனமான இடம். அது அரசரின் நகரம். ராட்விலா அங்கே இருந்தது அரசரின் அதிகாரியாக. அந்தப் பதவி அவரோடு முடியும்.

அமைப்பு இல்லாமலும் இல்லை. வில்னியஸில் முதல் வழிபாடுகள் நகருக்கு வெளியே லுகிஷ்கேஸில் இருந்த அவரது மாளிகையில் நடந்தன. 1557 டிசம்பர் 14 அன்று வில்னியஸில் முதல் சபைச் சங்கம் கூடியது. லிதுவேனியச் சீர்திருத்தச் சபை தன் பிறந்தநாளாக இன்றும் எண்ணுவது அந்த நாளை. தலைமைப் போதகராக இருந்தவர் ஷிமோன் ஜாசியுஸ். போலந்தில் பிறந்து இங்கிலாந்துவரை போய்ச் சபை நடத்தித் திரும்பியிருந்த யான் வாஸ்கியும் அந்த ஆண்டு வில்னியஸுக்கு வந்தார். அரண்மனையின் சிறந்த இசைஞர்களில் ஒருவரான ஷமோதுவியின் வாத்ஸ்வாவ் 1555 முதல் ராட்விலாவின் சேவையில் இருந்து, பாட்டின் வழியே இந்தச் சபைக்கு உதவினார். சங்கீதங்களை மக்கள் மொழியில் நான்கு குரலில் பாடவைக்கும் வேலை அது.

இனி அச்சகம். 1553-ல் கிராக்கோவிலிருந்து பெர்னார்த் வொயெவுட்கா என்ற அச்சுக்காரரை வரவழைத்து பிரெஸ்ட்டில் தொடங்கினார். அடுத்த ஆண்டே வொயெவுட்கா தண்ணீரில் மூழ்கி இறந்தார். அந்த அச்சகம் பின்னர் சிப்ரியன் பசிலிக் என்பவர் கைக்கு வந்தது. கவிஞர், மொழிபெயர்ப்பாளர், இசையமைப்பாளர். அங்கிருந்துதான் 1563 செப்டம்பர் 4 என்ற தேதியோடு பிரெஸ்ட் வேதாகமம் வெளிவந்தது.

இந்த வேதாகமத்தைக் கொஞ்சம் பக்கத்தில் வைத்துப் பார்க்க ஆசை. மூல மொழிகளிலிருந்து போலிஷில் வந்த முதல் முழு வேதாகமம் இது. மொழிபெயர்ப்பு நடந்தது பிரெஸ்ட்டில் இல்லை. போலந்தின் பின்சுவ் என்ற சிற்றூரில், ஒரு பிரபுவின் ஆதரவில் இருந்த சீர்திருத்தப் பள்ளியைச் சுற்றி. அதனால் 'பின்சுவ் வேதாகமம்' என்றும் பெயர் உண்டு. கெஷெகோஷ் ஓர்ஷாக், யாக்கூப் லுபெல்சிக், ஆந்த்ஷெய் த்ஷெசியெஸ்கி போன்ற போலந்துக்காரர்களோடு பியேர் ஸ்டாடோரியுஸ், ழான் தெனோ என்ற பிரெஞ்சுக்காரர்களும் உட்கார்ந்தார்கள். எபிரேயம் தெரிந்தவர் ஒருவர், கிரேக்கம் தெரிந்தவர் ஒருவர், நல்ல போலிஷ் எழுதத் தெரிந்தவர் ஒருவர் என்று வேலை பங்கிடப்பட்டது. ஜெனீவாவிலிருந்து வந்த பிரெஞ்சு வேதாகமமும் மேசையில் இருந்தது. அத்தியாயத் தலையில் சுருக்கம், ஓரத்தில் விளக்கம் என்ற அமைப்பு அந்தப் பக்கத்திலிருந்து வந்தது.

செலவு எங்கே போகும் என்று யோசியுங்கள். பெரிய அளவுப் புத்தகம். ஒரு தாளை ஒரே மடிப்பாக மடித்தால் இரண்டு இலை, நான்கு பக்கம். இந்த வேதாகமத்தில் 700 இலைக்கு மேல். ஒரு படிக்கு 350 தாளுக்குக் குறையாது; 100 படிக்கு 35,000 தாள். எல்லாம் கந்தல் துணியில் செய்த கைத்தாள். தாளை முந்தின நாளே நனைத்து அடுக்க வேண்டும், அப்போதுதான் மை பிடிக்கும். ஒரு பக்கம் அடித்து, ஈரம் போவதற்குள் மறுபக்கம். எழுத்துகள் கொஞ்சமே இருப்பதால் சில பக்கம் அடித்ததும் கலைத்து, அதே எழுத்தில் அடுத்ததைக் கோக்க வேண்டும். கலைத்தபின் பிழை தெரிந்தால் திருத்த வழியில்லை. கடைசியில் பிழைதிருத்தப் பட்டியல் போடலாம், அவ்வளவே. கோதிக் எழுத்தில், போலிஷின் வால்களும் கோடுகளும் புள்ளிகளும் கொண்ட தனி அச்சுருக்களோடு இதைச் செய்து முடித்திருக்கிறார்கள். ராட்விலா கொடுத்தது 3,000 டுக்காட் பொன் என்று வழக்கமாகச் சொல்வார்கள். காணிக்கையுரை அவர் பெயரில் அரசர் சிகிஸ்மண்ட் அகஸ்டஸுக்கு. அரசர் கத்தோலிக்கராகவே இருந்தார். காணிக்கையை மறுக்கவும் இல்லை.

போலிஷ் எழுத்துநடை வளர்ந்த கதையில் இந்த வேதாகமத்துக்குப் பெரிய இடம் உண்டு. சொல்லுக்குச் சொல் வைக்காமல் வாக்கியத்தின் பொருளைப் பிடித்து ஓடும் நடை. அதையே குறையாகப் பார்த்தவரும் இருந்தார்: ஷிமோன் புத்னி. மூலத்தை விட்டு லத்தீன், பிரெஞ்சு வழியே சாய்ந்துவிட்டது என்று சொல்லி, தானே மறுபடி மொழிபெயர்த்தார். அது 1572-ல் நெஸ்விஷ் வேதாகமமாக வந்தது.

புத்னியும் ராட்விலாவின் ஆள்தான், கிளெட்ஸ்க்கில் போதகர். 1562-ல் நெஸ்விஷில் ராட்விலாவின் ஆதரவில் அவரது ஞானோபதேச நூல் சிரிலிக் எழுத்தில், ருத்தீனிய மொழியில் அச்சானது. அச்சடித்தவர் தானியேல் ஆஃப் வெஞ்சித்சா என்று அறியப்பட்ட அச்சுக்காரர். நாட்டின் கிழக்கிலும் தெற்கிலும் மக்கள் ஆர்த்தடாக்ஸ் கிறிஸ்தவர்கள். அவர்களிடம் அவர்கள் மொழியில் பேசப் பார்த்த முயற்சி இது. பிரமாதமான யோசனை. ஆனால் கிராமத்து ஆர்த்தடாக்ஸ் குரு வழிபாட்டை விட்டு வினாவிடைக்கு வரவில்லை.

இங்கே ஒரு குறையைச் சொல்லாமல் விட முடியாது. போலிஷில் வேதாகமம், ருத்தீனியத்தில் ஞானோபதேசம், லத்தீனில் வாதம். லிதுவேனிய மொழியில்? அவர் அச்சகங்களிலிருந்து எதுவும் வரவில்லை. நாட்டுக்குள் அச்சான முதல் லிதுவேனிய மொழிப் புத்தகம் 1595-ல், வில்னியஸில், கத்தோலிக்கரான தவுக்ஷாவின் கையிலிருந்து வந்தது. லிதுவேனிய மொழி பேசிய உழவருக்குச் சீர்திருத்தம் பிரபுவின் வீட்டு விஷயமாகவே இருந்துவிட்டது. மக்களிடம் வேர் பிடிக்காமல் போனதற்கு, பத்திரத்துக்கு அடுத்த காரணம் இது.

கால்வினோடு அவருக்கிருந்த உறவும் சீரானது இல்லை. அப்போஸ்தலர் நடபடிகளுக்கு எழுதிய விளக்கவுரையின் 1560 பதிப்பைக் கால்வின் ராட்விலாவுக்குக் காணிக்கையாக்கினார். இதை எல்லோரும் எழுதுகிறார்கள். அதே காணிக்கையுரையில் ஓர் எச்சரிக்கை இருப்பதைப் பெரும்பாலும் விட்டுவிடுகிறார்கள். ஜார்ஜோ பியாந்த்ராட்டா என்ற இத்தாலிய மருத்துவரை நம்ப வேண்டாம் என்று கால்வின் பெயர் சொல்லியே எழுதினார். பியாந்த்ராட்டா திரித்துவத்தை, அதாவது தந்தை, மகன், ஆவி மூவரும் ஒரே கடவுள் என்பதை, கேள்வி கேட்டவர். ராட்விலா அவரைக் கைவிடவில்லை. 1561-ல் மார்ச்சின் செகோவிட்ஸ் என்ற தன் போதகரைக் கடிதத்தோடு சுவிட்சர்லாந்துக்கு அனுப்பிச் சமாதானம் பேசவைத்தார். கால்வின் இறங்கிவரவில்லை. திரும்பும் வழியில் குழந்தை ஞானஸ்நானத்தை ஏற்காத மொராவியாவின் மறுஞானஸ்நானக்காரர்களைச் சந்தித்த செகோவிட்ஸே பின்னாளில் திரித்துவ மறுப்பாளர்களின் முக்கிய குரலாகிவிட்டார். 1565-க்குள் போலந்திலும் லிதுவேனியாவிலும் சீர்திருத்தச் சபை இரண்டாகப் பிளந்தது. கேள்வி கேட்கிறவர்களை ராட்விலா துரத்தாமல் விட்டதை நான் அவருடைய பெருந்தன்மையாகவே பார்க்கிறேன். அதற்குச் சபை கொடுத்த விலையும் பெரிது.

வெளியுறவில் அவரது பெரிய வேலை லிவோனியா. இன்றைய லாட்வியாவும் எஸ்டோனியாவும் சேர்ந்த நிலம். அங்கே ஆண்ட வீரத்துறவியர் சங்கம், 1558-ல் மாஸ்கோவின் நான்காம் இவான் படையெடுத்ததும் ஆட்டம் கண்டது. 1559 ஆகஸ்ட் 31 அன்று வில்னியஸில் பாதுகாப்பு ஒப்பந்தம். 1560-ல் சங்கத்தின் படை எர்மெஸில் அழிந்தது. 1561 நவம்பர் 28 அன்று, மறுபடி வில்னியஸில், சரணடையும் ஒப்பந்தம். சங்கம் கலைந்தது, அதன் கடைசித் தலைவர் கோட்ஹார்ட் கெட்லர் குர்லாந்தின் கோமகன் ஆனார், அங்கே லூத்தர் வழி வழிபாட்டுக்கு உறுதி கொடுக்கப்பட்டது. 1562 மார்ச் 5 அன்று ரிகா கோட்டையில் கெட்லர் தன் சிலுவையையும் மேலங்கியையும் கழற்றி, சாவிகளை ஒப்படைத்தார். அரசரின் பிரதிநிதியாக அவற்றை வாங்கிக்கொண்டவர் கறுப்பு ராட்விலா. ரிகா நகரத்தார் மட்டும் எளிதில் மசியவில்லை. அவர்களுக்கு ராட்விலா தன் பெயரில் எழுத்துறுதி கொடுத்தார். 'ராட்விலா உறுதிப் பத்திரம்' என்றே வரலாற்றில் அதற்குப் பெயர். அந்தக் காகிதத்தைப் பிடித்துக்கொண்டு ரிகா 1581 வரை தனி நகரமாக நின்றது.

லிவோனியாவை வாங்கியதற்கு விலையும் கொடுக்க வேண்டியிருந்தது. 1563 பிப்ரவரி 15 அன்று பொலொட்ஸ்க் இவானிடம் விழுந்தது. ஆர்த்தடாக்ஸ் மக்களின் காவலன் நானே என்று இவான் சொல்லிக்கொண்டிருந்த நேரம். நான்கு மாதத்தில், 1563 ஜூன் 7 அன்று, வில்னியஸில் ஒரு சாசனம் வெளியானது. 1413 ஹொரோத்லோ ஒப்பந்தம் உயர்பதவிகளைக் கத்தோலிக்கருக்கு மட்டும் வைத்திருந்தது. புதிய சாசனம் அதை நீக்கி, கிறிஸ்தவ நம்பிக்கை கொண்ட பிரபுக்கள் எல்லோருக்கும் சம உரிமை தந்தது. 'கிறிஸ்தவ நம்பிக்கை' என்ற பொதுச்சொல்லில் ஆர்த்தடாக்ஸ் பிரபுவும் அடங்குவார், கால்வின் வழிப் பிரபுவும் அடங்குவார். சான்சலர் அலுவலகத்து வாசகம் எப்படி வேலை செய்யும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது. 1568-ல் இது மறுபடி உறுதிசெய்யப்பட்டது. அவர் விட்டுப்போனவற்றில் நீண்டநாள் நின்றது இதுதான் என்பேன்.

போலந்தோடு நாட்டை ஒன்றாக இணைப்பதை அவர் கடைசிவரை எதிர்த்தார். 1563-64 வார்சா நாடாளுமன்றத்துக்கு லிதுவேனியக் குழுவை நடத்திச் சென்றவர் அவரே. ஓர் அரசர், சேர்ந்த பாதுகாப்பு என்பதுவரை சரி. எங்கள் பதவிகளும் கஜானாவும் எல்லையும் தனியே இருக்க வேண்டும் என்பது நிலைப்பாடு. இதில் அவருக்கு நேர்ந்த சங்கடம் கவனிக்கத்தக்கது. முழு இணைப்பைக் கேட்ட போலந்துச் சிறுபிரபுக்களில் பலர் அவரைப் போலவே புராட்டஸ்டண்ட். அவரது வேதாகமத்தைப் படிப்பவர்கள். ஆலயத்தில் தோழர்கள், அவையில் எதிரிகள். லிதுவேனியாவின் சிறுபிரபுக்களிலும், பெரிய குடும்பங்களின் பிடி தளரும் என்று இணைப்பை விரும்பியவர்கள் இருந்தார்கள். பேச்சு முடிவில்லாமல் கலைந்தது. ஐந்து ஆண்டு கழித்து, அவர் இல்லாத 1569-ல், லுப்ளினில் இணைப்பு நடந்தேறியது. அதற்குள் வோலினியாவும் கீவும் போலந்துப் பக்கம் வெட்டி எடுக்கப்பட்டன.

1565 மே மாதக் கடைசியில் அவர் வில்னியஸில் இறந்தார். வயது 50. மனைவி எல்ஜ்பியெத்தா ஷித்வோவியெத்ஸ்கா 1562-லேயே போய்விட்டார். மூத்த மகனுக்கு 15 வயது. 'அனாதைக் குழந்தை' என்ற பொருளில் சியெரோட்கா என்ற செல்லப்பெயர் அவருக்கு. புராட்டஸ்டண்ட் பல்கலைக்கழகங்களுக்கு அனுப்பப்பட்டும் 1567-ல் கத்தோலிக்கர் ஆனார். தம்பிகளும் பின்னால் போனார்கள். ஒருவர், யூர்கிஸ், 1579-ல் வில்னியஸ் ஆயராகி, 1583-ல் கர்தினால் ஆனார். 1581-ல் வில்னியஸில் புராட்டஸ்டண்ட் புத்தகங்களைப் பறித்து எரிக்கவைத்தவர் அவர். மதத்தில் பலவந்தம் கூடாது என்று அரசர் ஸ்டெஃபான் பாத்தோரி கண்டிக்க வேண்டி வந்தது. தந்தை காசு கொடுத்து அச்சிட்ட வேதாகமத்தை மகன் சியெரோட்கா காசு கொடுத்து வாங்கி எரித்தார் என்று பழைய வரலாறுகள் சொல்லும். நெஸ்விஷில் கத்தோலிக்கத் துறவியரான சேசு சபையாருக்காகப் பெரிய ஆலயம் எழுந்தது. போதகர்களை அமர்த்திய அதே புரவலர் உரிமை, அதே முறையில், குருக்களைத் திரும்பக் கொண்டுவந்தது. ஆலயங்களைத் திருப்பியதில் பிள்ளைகள் சட்டத்தை மீறவே இல்லை. தந்தை பயன்படுத்திய கருவியையே எடுத்தார்கள்.

சிவப்பு ராட்விலாவின் கிளையில் கதை வேறு. அவரும் அவர் வழி வந்தவர்களும் பிர்ஜையிலும் மற்ற ஊர்களிலும் சபைக்கென்று தனியாக மானியம் எழுதினார்கள், சங்கக் கூட்டங்களை ஆண்டுதோறும் நடத்தினார்கள், பள்ளி வைத்தார்கள். 1617-ல் ஸ்லுட்ஸ்கில் தொடங்கியது அவற்றில் ஒன்று. நூறு ஆண்டுக்கு மேல் வாரிசு மாறியும் மதம் மாறவில்லை. பிர்ஜையில் சீர்திருத்தச் சபை இன்றைக்கும் ஞாயிறு வழிபாடு நடத்துகிறது.

கறுப்பு ராட்விலாவின் உடல் முதலில் வில்னியஸில் வைக்கப்பட்டது. பிறகு போனது பிள்ளைகளின் நெஸ்விஷுக்கு இல்லை. அண்ணன் கிளையின் துபிங்கியாய் ஆலயத்துக்கு. அந்த ஆலயமும் காலப்போக்கில் இடிந்து மண்ணானது. ஏரிக்கரை மேட்டில் தோண்டிய அகழாய்வாளர்கள் 2004-ல் எலும்புகளைக் கண்டெடுத்தார்கள். கறுப்பும் சிவப்பும் எல்ஜ்பியெத்தாவும் உள்ளிட்ட ராட்விலாக்கள் என்று ஆய்வில் அடையாளம் காணப்பட்டது. 2009 செப்டம்பர் 5 அன்று அதே மேட்டில் மறுபடி அடக்கம் செய்தார்கள்.